புறநானூற்றுத் துறைப்பெயர்களும் பாட்டுத் தேடலும்

நானூறு பாட்டுகளை ஒருங்கு தொகுத்தவிடத்து, வேண்டிய பாட்டை வேண்டியபொழுது எடுத்தற்கு ஓர் அடையாளம் இன்றியமையாததாகும். அகநானூற்றைத் தொகுத்தோர் இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. ஒற்றைப்படை எண் பெற்றன யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். 276 என்னும் எண்ணைக் கேட்ட அளவிலே அது மருதப் பாட்டு எனத் துணியலாம். எண்ணே ஈண்டு அடையாளமாய் நின்றது.

புறநானூற்றில் இவ்வொழுங்கு இல்லை. ஆண்டுப் பாட்டின் இறுதியில் திணையும் துறையும் பெயராக எழுதப்பட்டுள்ளன. இவை புலவர் தாமே இட்டன அல்ல, பின்னோர் வகுத்தன என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. தொல்காப்பியர் கூறிய புறத்திணை ஏழனுள் அடங்காத பொதுவியலும், அவர் வெட்சியுள் அடக்கிய கரந்தையும் தனித்திணைகளாக இக்குறிப்புகளிற் காணப்படுதல் அதற்குச் சான்றாகும். இவை புறப்பொருள் வெண்பாமாலை நெறியைத் தழுவியவை. நச்சினார்க்கினியர் இதனை உடன்பட்டாரல்லர். தொகைகளுக்கு அகத்தியமும் தொல்காப்பியமுமே இலக்கணமாதலின் அவற்றின்வழியே துறை கூறல் வேண்டும் என்றார். பாட்டிற்குப் பெயரிடுவோன் எந்நூலைக் கையிற் கொண்டு இடுகின்றான் என்னும் வினாவை அவர் அன்றே எழுப்பினார் என்க.

துறைப்பெயர் நன்கு பயன்படும் இடமும் உண்டு. கையறுநிலை என்னும் பெயரைப் பின்பற்றிச் செல்வார், பாரி மகளிரின் 112-ஆம் பாட்டையும், பாரியை இழந்து கபிலர் பாடியவற்றையும், அதியமானை இழந்து ஔவையார் பாடிய 235-ஆம் பாட்டையும் ஒருங்கே பெறுவர். பாடினோர் வேறு, பாடப்பட்டோர் வேறு, துயர் ஒன்று. அதனைக் குறித்த பெயரும் ஒன்றே. இயன்மொழி என்னும் பெயரோ அத்தகையதன்று. மன்னன் இயல்பைக் கூறும் பாட்டெல்லாம் அதனுள் அடங்குமாதலின், அப்பெயரைக் கொண்டு தேடுவார் கை நிறையப் பெறுவரேயன்றித் தேடியதைப் பெறார்.

இனி இடர்ப்பாடு மிக்க இடத்தைக் காண்போம். மன்னர்க்குப் புலவர் கூறிய அறிவுரைகளைத் தொகுக்க விழையும் மாணவன் செவியறிவுறூஉ என்னும் துறையை நாடுவான். வரி பற்றி வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35-ஆம் பாட்டும், பிசிராந்தையார் பாடிய 184-ஆம் பாட்டும் அவனுக்குக் கிட்டும். ஆயின், நீர்நிலை பெருக்குதலே அரசன் கடன் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய 18-ஆம் பாட்டு கிட்டாது. அதன் துறை முதுமொழிக்காஞ்சி. மன்னனே உலகுக்கு உயிர் எனும் மோசிகீரனாரின் 186-ஆம் பாட்டும் கிட்டாது. அது பொருண்மொழிக்காஞ்சி எனப் பெயர் பெற்றுக் கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டோடு ஓரினமாய் நிற்கின்றது. இப்பெயர்கள் பிழை எனல் வேண்டா. ஒரு பாட்டிற்கு ஒரு பெயரே உரித்து எனக் கொள்ளும் நம் வழக்கமே பிழை. 2-ஆம் பாட்டிற்குச் செவியறிவுறூஉ என்று கூறி, வாழ்த்தியலும் ஆம் என்று முன்னோரே இரண்டாம் பெயரும் தந்துள்ளனர். அக்கதவை அவர் திறந்துவைக்க, நாம் ஏனோ அடைத்தோம்.

சங்க நூல்கள் இன்று கணினியிற் கிடைக்கின்றன. சொல்லை இட்டால் அச்சொல் வரும் இடமெல்லாம் நொடியிற் தோன்றும். எனினும் ஏரி என்னும் சொல்லை இட்டுத் தேடுவார்க்குக் குடபுலவியனார் பாட்டு அகப்படாது. அதன்கண் அச்சொல் இல்லை, பொருளே உள்ளது. ஆதலின் மின்பதிப்பிற் புதிய குறிச்சொற்களைச் சேர்த்தல் வேண்டும். 18-ஆம் பாட்டிற்கு முதுமொழிக்காஞ்சி என்னும் பழம்பெயர் நிற்க, அதனருகே நீர்ப்பாசனம், அரசன் கடன், அறிவுரை என்பன இடம்பெறலாம். ஆனால் ஒன்று: பழம்பெயரும் புதுப்பெயரும் ஒரே நிரலிற் கலத்தல் ஆகாது. ஏட்டில் இருந்தது இது, இக்காலத்தார் இட்டது இது என வேறு பிரித்துக் காட்டாவிடின், நச்சினார்க்கினியர் எழுப்பிய வினாவிற்கு நம் பின்னோர் நம்மிடமே விடை தேட நேரும்.