புள்ளியெழுத்தும் புள்ளிக்கணக்கும்

அச்சு வினாத்தாளை ஆறு புள்ளிகளாலாகிய பிரெயில் எழுத்தில் அப்படியே பெயர்த்தளித்தால், பார்வையற்ற மாணவனுக்குத் தேர்வு நேர்மையாகிவிடும் என்று கருதுவார் உளர். இக்கருத்து ஆராயத்தக்கது.

'கொ' என்னும் எழுத்தை நோக்குக. அச்சில் ககரத்தின் முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. 1951-இல் இசைவு பெற்ற பாரதி பிரெயில் முறையிலோ ககரக் குறியை அடுத்து ஒகரக் குறி வரும், அவ்வளவே. ஆகவே, விடுபட்ட கொம்பைக் காட்டுக என்று அம்மாணவனை வினவுதல் மொழியறிவை அளப்பதாகாது. குறில் நெடில் வேறுபாட்டை வினவின், அஃது இருவர்க்கும் பொதுவாகும்.

படம் பார்த்து வாக்கியம் எழுதும் வினாவை அடியோடு நீக்குவதும் குறையே. வாக்கியம் அமைக்கும் திறனைக் காட்டும் வாய்ப்பும் உடன் போகிறது. படத்தைச் சொற்களால் முழுதும் விளக்கினாலோ, விடை வினாவிலேயே அமைந்துவிடும். ஒரு பூட்டையும் சாவியையும் கையில் தரலாமே!

விரல் பக்கத்தை ஒருங்கே காணாது. குறி குறியாகவே செல்லும். கருத்துணர் பத்தியும் வினாக்களும் தனித்தனி ஏடுகளாயின், ஒரு கை பத்தியிலும் மறு கை வினாவிலும் நிற்கும். இதற்கு வேண்டும் கூடுதல் நேரத்தைச் சலுகை என்பது பொருந்தாது.

இவ்வினா எதை அளக்கிறது என்று வினா அமைப்போர் முதலில் தம்மையே கேட்பாராக. மாற்றும் வழி தானே புலப்படும்.