64 டோஹர்ட்டிகள்: வரவும் செலவும்

5ஜி கோபுரங்களில் மாட்டியிருக்கும் தட்டையான பெட்டிகள் பலவற்றின் உள்ளே 64 பவர் ஆம்ப்ளிஃபயர்கள் (பெருக்கிகள்) வரிசையாக நிற்கின்றன. பல ஆண்டெனாக்களால் அனுப்பும் இந்த ‘மாசிவ் மைமோ’ முறைக்கு வித்திட்டது, பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா 2010-இல் வெளியிட்ட கட்டுரை. ஆண்டெனாக்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் அனுப்ப வேண்டிய திறன் குறையும், ஆகவே எளிய, மலிவான பெருக்கிகளே போதும் என்ற நம்பிக்கை அதன்பின் பரவியது. சந்தைக்கு வந்த பெட்டிகளில் அந்த எளிமை இல்லை. பழைய கோபுரங்களில் 40 வாட் பெருக்கிக்குச் செய்த ஏற்பாட்டையே சுருக்கி, 64 முறை அடுக்கியிருக்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

நியாயமான பாதி டோஹர்ட்டி பெருக்கி. வில்லியம் டோஹர்ட்டி 1936-இல் வானொலி நிலையங்களுக்காக உருவாக்கியது. 5ஜி பயன்படுத்தும் ஓஎஃப்டிஎம் அலையின் உச்சம், வெட்டிச் சீராக்கிய பிறகும், சராசரியைவிடச் சுமார் 8 டெசிபெல் உயர்ந்து நிற்கும். சராசரியாக 5 வாட் அனுப்பும் பெருக்கி, கணப்பொழுது 30 வாட்டுக்கு மேல் தர வேண்டும். பி வகுப்புப் பெருக்கியின் பயனுறுதிறன் உச்சத்தில் 78.5 விழுக்காடு, 8 டெசிபெல் கீழே இறங்கினால் ஏட்டளவிலேயே 31தான். டோஹர்ட்டியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். முதன்மை டிரான்சிஸ்டர் எப்போதும் வேலை செய்யும். உச்சம் வரும்போது மட்டும் துணை டிரான்சிஸ்டர் விழித்து, தன் மின்னோட்டத்தைச் செலுத்தி, கால் அலைநீளத் தடத்தின் வழியே முதன்மை காணும் சுமையைக் குறைக்கிறது. முதன்மை தன் முழு மின்னழுத்தத்தை விடாமலே கூடுதல் மின்னோட்டம் தருகிறது. இதனால் 45 விழுக்காடு கிடைத்தாலும், 5 வாட் அனுப்ப 16 வாட் தின்ற இடத்தில் 11 வாட் போதும். 64 தடங்களுக்குச் சேர்த்தால் மிச்சம் 320 வாட். விசிறி இல்லாமல், வெறும் உலோகத் தகடுகளால் சூட்டை வெளியேற்ற வேண்டிய பெட்டியில் இது பெரிய வரவு. டோஹர்ட்டி வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்குக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

சிக்கல், டோஹர்ட்டியோடு சேர்ந்தே வர வேண்டிய திருத்தத்தில் இருக்கிறது. டோஹர்ட்டி அலையைச் சிதைக்கும். அந்தச் சிதைவை எதிர்பார்த்து அலையை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவதுதான் டிபிடி என்ற டிஜிட்டல் திருத்தம். இந்தத் திருத்தத்தின் செலவு, பெருக்கி சிறிதாவதால் குறைவதில்லை; கணக்கிட வேண்டிய அலைவரிசை அகலம் அதேதான். 40 வாட் பெருக்கிக்கு 1 வாட் செலவானால் பொருட்டில்லை. 5 வாட் பெருக்கிக்கு அதே 1 வாட், அனுப்பும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு. டோஹர்ட்டியின் பயனுறுதிறனை 40-இலிருந்து 45-க்கு உயர்த்தப் பாடுபட்டால் கிடைப்பது ஏறத்தாழ 1.4 வாட்; அதில் பெரும்பகுதியை அந்த 1 வாட் தின்றுவிடும். திருத்தச் செலவை ஒதுக்கிவிட்டுப் பெருக்கியின் பயனுறுதிறனை மட்டும் தலைப்பில் போடும் ஆய்வுக் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

பெருக்கி காணும் சுமையின் நிலைமை இன்னும் சங்கடமானது. 3.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 4.3 செ.மீ. அவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் ஆண்டெனாக்கள் ஒன்றின் அலையை மற்றொன்றுக்குள் கசியவிடும். பயனரை நோக்கிக் குவிக்கும் அலைக்கற்றையின் திசை மாறினால் கசியும் அலைகளின் கட்டம் மாறும். பெருக்கி காணும் சுமையும் (இம்பிடன்ஸ்) நகரும். பழைய கோபுரத்தில் இதை, திரும்பி வரும் அலையைப் பெருக்கிக்குள் விடாத ஐசொலேட்டர் தடுத்தது. 64 தடங்களில் இடம், விலை, இழப்பு எல்லாம் அதற்கு எதிராக நிற்கின்றன. சுமையைத் துல்லியமாக மாற்றிப் பிழைக்கும் டோஹர்ட்டிக்கு, பக்கத்து ஆண்டெனாவும் சுமையை மாற்றத் தொடங்குவது அடிமடியில் கைவைப்பதுதான். ஒரு திசையில் கற்றுக்கொண்ட திருத்தம் அடுத்த திசையில் பொருந்தாது. திசையோ அரை மில்லி வினாடிக்கு ஒருமுறை மாறக்கூடும்.

இவ்வளவு திருத்தமும் தேவையா? கைபேசித் தர அமைப்பான 3ஜிபிபியின் விதி, 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ், பக்கத்து அலைவரிசைக் கசிவு 45 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 28 கிகாஹெர்ட்ஸில் அந்த எண் 28 டெசிபெல்லாகத் தளர்கிறது. ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வுகள் காட்டியது கவனத்துக்குரியது: பல பயனர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது சிதைவு ஒரே இடத்தில் குவியாமல் பல திசைகளில் பரவிவிடுகிறது. ஒற்றைப் பயனருக்கு நேர்ப்பார்வையில் அனுப்பும்போதோ, சிதைவும் அதே கற்றையில் ஏறிக்கொள்கிறது. ஆகவே எல்லா நேரத்துக்கும் தளர்த்தல் ஆபத்து. எத்தனை பயனர்கள், எத்தனை திசைகள் என்பதைப் பொறுத்துத் திருத்தத்தின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் வழி இருக்கும்போது, 64 தடத்திலும் எப்போதும் முழுத் திருத்தத்தை ஓட்டுவது விரயம்.

விரயம் திருத்தத்தோடு நிற்பதில்லை. நள்ளிரவில் கேட்பாரற்ற கோபுரத்திலும் முதன்மை டிரான்சிஸ்டரின் நிலை மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வெற்று நேரங்களில் அணைக்கலாம். ஆனால் இந்தப் பெருக்கிகளில் பயன்படும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரின் ‘பொறி’களில் சிக்கிய எலக்ட்ரான்கள், அணைத்து எழுப்பிய கணத்தில் பெருக்கத்தைத் தடுமாற வைக்கும். சீரான முழுப் போக்குவரத்துச் சுமையில் அளந்த எண் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. ஐரோப்பியத் தர அமைப்பான எட்சி, குறைந்த, நடுத்தர, உச்சப் போக்குவரத்துச் சுமைகளில் நிலையத்தின் மின்செலவை அளக்கும் முறையை வகுத்திருக்கிறது. பெருக்கி வடிவமைப்பாளரும் தன் வேலையை அந்த அளவுகோலில்தான் காட்ட வேண்டும்: திருத்தச் சில்லு உட்பட, கற்றை திரும்பிய நிலையில், பத்தில் ஒரு பங்குப் போக்குவரத்துச் சுமையில் முழுப் பெட்டி எத்தனை வாட் கேட்கிறது என்று.