கேத்தி ஓடைக்குக் கீழ்பவானி முறையா?

கோடை தொடங்கி நம் நீலகிரியில் கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா ஓடைகள் இளைத்துவிட்டால் ஒரு யோசனை தவறாமல் கிளம்பும்: "கீழ்பவானியில் மாதிரி இங்கேயும் முறை வைத்தால் என்ன?" பைக்காரா, மாயாறு வழியாகவும் குந்தா வழியாகவும் நம் மலைத் தண்ணீர்தானே கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் பவானிசாகர் அணைக்குப் போகிறது, அங்கே முடிவது இங்கே முடியாதா என்கிறார்கள்.

கீழ்பவானி முறையில் நல்லது இல்லாமல் இல்லை. 2,07,000 ஏக்கரில் ஒரு பாதிக்கு நன்செய்த் தண்ணீர், மறுபாதிக்குப் புன்செய்த் தண்ணீர், அடுத்த ஆண்டு மாறிக்கொள்ளும். மதகு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தாலே யார் முறை என்பது தெரிந்துவிடும். சண்டைகள் குறைந்ததும் உண்மை.

ஆனால் அந்த முறை கணக்கு வைப்பது மதகுக்குத்தான், தண்ணீருக்கு அல்ல. சுமார் 200 கிலோமீட்டர் வாய்க்கால் நெடுகக் கசியும் தண்ணீர் ஓரத்துக் கிணறுகளில் ஊறுகிறது. அங்கே கிணறு உள்ளவர் தன் முறை இல்லாத பருவத்திலும் இறைத்துக்கொள்கிறார். கடைமடைக்காரருக்கோ முறை வந்தாலும் தண்ணீர் வந்து சேருமா என்பதே கவலை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. கசிவுநீர்க் கிணற்றுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், கடைமடைக்காரர்கள் வேண்டும் என்றார்கள். குடிநீர்க் கிணறுகளும் வற்றும் என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. இருந்தாலும் எல்லோருக்கும் சமம் என்று பெயரெடுத்த முறைக்குள் இத்தனை ஏற்றத்தாழ்வு பல பத்தாண்டுகளாக இருந்திருக்கிறது.

மலையிலோ மதகே கிடையாது. ஓடையில் குழி வெட்டி, மோட்டார் வைத்து, பைப்பில் மேட்டுக்கு ஏற்றி, ஸ்பிரிங்ளர் சுற்ற விடுகிறோம். இங்கே முறை என்றால் மணிக்கணக்குதான். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஏழரை ஹெச்.பி. மோட்டாரும் தார்பாய் விரித்த குட்டையும் உள்ளவர் அந்த மூன்று மணியில் குட்டையை நிரப்பி, பிறகு நிதானமாகப் பாய்ச்சுவார். குத்தகைக்கு அரை ஏக்கர் கேரட் போட்டவர் வாடகை டீசல் இன்ஜினோடு வந்து, அதே மூன்று மணியில் நாலு பாத்தியை நனைத்துவிட்டுப் போவார். டீசலும் அவர் கைக்காசு. மேலே இருப்பவர் முறை முடிந்த கையோடு கீழே இருப்பவர் முறை வந்தால், குழியில் மறுபடி தண்ணீர் ஊறும்வரை காத்திருப்பதிலேயே அவருடைய நேரம் போய்விடும். நோட்டில் மட்டும் இருவருக்கும் மூன்று மணி என்றே இருக்கும். பெரிய மோட்டார்காரருக்கு இனி குற்ற உணர்வும் வேண்டாம், அதுதான் முறைப்படி எடுத்துவிட்டாரே.

சும்மா இருப்பதற்கு இதாவது மேல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முறை இல்லாதபோது கீழே இருப்பவர் சத்தம் போடவாவது முடிகிறது. முறை வந்துவிட்டால் அந்த வாயையும் அடைத்துவிடுவார்கள்.

ஊர்க்கூட்டத்தில் முறை போடுவதற்கு முன் எந்த ஓடையில் எத்தனை மோட்டார், எத்தனை ஹெச்.பி., யாருக்குக் குட்டை இருக்கிறது என்று எழுதுங்கள். பயிருக்கும் பரப்புக்கும் ஏற்ப ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பேசுங்கள். அந்தக் கணக்குக்கு ஒப்பாதவர்கள் கொண்டுவரும் மணிக்கணக்கு முறைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.