கோலின் கனம்

மீன் பிடிப்பதைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. மீன் சமைக்காத வீட்டில் பிறந்தவன் நான். முள்ளில் புழுவைக் கோக்கிற காட்சியைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதப்பட்ட சில நூல்களை நாற்பது வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் படித்து வந்திருக்கிறேன். அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளில் அபிப்பிராயமும் சொல்லியிருக்கிறேன். அந்த அபிப்பிராயங்களில் ஒன்றை இப்போது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம் ஒரு தூண்டிற்கோல்.

மிச்சிகனில் என் மகள் வீட்டில் ஒரு கோடைகாலம் தங்கியிருந்தேன். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் மீன் பிடிக்கக் கோல் வேண்டும் என்றான். மாப்பிள்ளைக்கு ஓய்வில்லை. "தாத்தா ஹெமிங்வேயை எல்லாம் படித்தவர், அவருக்குத் தெரியும்" என்று மகள் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். படித்தவனுக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள்!

கடையில் ஒரு சுவர் முழுவதும் கோல்கள். குளத்து மீனுக்கும் டிரௌட்டுக்கும் என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். அந்த மூலையில் இருந்தவற்றுக்கு 'அல்ட்ராலைட்' என்று பெயர். கனமே இல்லாத கோல் என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் பெரும்பாலும் ஐந்து அடியிலிருந்து ஆறரை அடி. இரண்டு ராத்தலிலிருந்து ஆறு ராத்தல் வரை இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பு போடலாம். வீசுகிற போலி இரையின் எடை ஒரு கிராமிலிருந்து ஏழு கிராமுக்குள். 'பான்ஃபிஷ்' என்றால் வாணலிக்குள் அடங்குகிற மீன் என்று பொருள். புளூகில், க்ராப்பி, மஞ்சள் பெர்ச் எல்லாம் அந்த ஜாதி. க்ராப்பியின் வாய் காகிதம் மாதிரி மெல்லியது; விறைப்பான கோலால் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். வளைந்து கொடுக்கிற கோல் அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மெல்லிய நரம்பு அறுபடாமல் காப்பதும் அந்த வளைவுதான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கண்ணாடி நாரில் கோல்கள் வந்தன. 1973ல் கிராஃபைட் வந்தது. அதற்குப் பிறகு கோலின் கனம் குறைந்துகொண்டே போயிற்று. இதையெல்லாம் கடைக்காரர் விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: மெல்லிய கோல் மீனுக்கும் ஒரு சந்தர்ப்பம் தருகிறது, அதுதான் நியாயமான ஆட்டம். அந்த வார்த்தையில் நான் மயங்கினேன். இலக்கிய ரசனை உள்ளவன் மயங்கக்கூடிய வார்த்தைதான் அது. இருப்பதிலேயே மெல்லிய ஐந்தடிக் கோலையும் இரண்டு ராத்தல் நரம்பையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாசம் முழுவதும் அந்தக் கோல் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் பையன் புளூகில் பிடித்தான். உள்ளங்கை அகல மீன். செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கருநீலப் பொட்டு. சாதாரணக் கோலில் அது தூக்கி எறிந்த செருப்பு மாதிரி வந்து விழும். இந்தக் கோலிலோ நுனி வளைந்து நடுங்கிற்று. பையன் முகத்தில் கர்வம் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்குள் மீன் கைக்கு வந்துவிடும். முள்ளை எடுத்து விட்டால் விருட்டென்று ஓடும். சிறிய பொருளுக்குச் சிறிய கருவி. அளவறிந்த கலை என்றால் இதுவல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் வடக்கே ஓர் ஆற்றுக்குப் போனோம். வெயில் கடுமையான வாரம். அதே கோல், அதே நரம்பு. ஒரு டிரௌட் மாட்டிற்று. ஒன்றரை ராத்தல் இருக்கலாம். ஓடுகிற தண்ணீரின் பலமும் மீனுக்குத் துணை. இரண்டு ராத்தல் நரம்பை வைத்துக்கொண்டு அழுத்தி இழுக்க முடியாது, அறுந்துவிடும். ஆகவே மீன் ஓடிற்று, ரீல் நரம்பை விட்டுக் கொடுத்தது, பையன் சுற்றினான், மறுபடியும் ஓடிற்று. கரையில் இருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கால் மணிக்கு மேல் ஆயிற்று. கடைசியில் மீன் கைக்கு வந்தது. பையன் முள்ளை எடுத்துவிட்டு அதைத் தண்ணீரில் விட்டான். அது ஓடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்தான், மறுபடியும் சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய ஆற்றோடு போயிற்று.

டிரௌட் குளிர்ந்த நீரின் பிராணி. தண்ணீர் இருபது டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதில் பிராணவாயு குறைகிறது. அந்த நீரில் மீனை நெடுநேரம் ஓட வைத்தால், விட்ட பிறகும் அது தேறுவது கடினம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நியாயமான ஆட்டம் என்று எதை வாங்கினேனோ, அதுவே அந்த மீனைக் கொன்றது. கெட்டிக் கோலாக இருந்திருந்தால் மூன்று நிமிஷத்தில் முடிந்திருக்கும், மீனும் பிழைத்திருக்கும்.

"தாத்தா, நீங்கள் ஏன் கை தட்டினீர்கள்?" என்று பையன் காரில் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு ஹெமிங்வேயை எடுத்தேன். 'பிக் டூ ஹார்ட்டட் ரிவர்' என்ற கதை 1925ல் வெளிவந்தது. அதே மிச்சிகனின் வடபகுதிதான் களம். 1918ல் இத்தாலியில் யுத்தத்தில் காயப்பட்ட ஹெமிங்வே 1919ல் அங்கே ஸீனி என்ற ஊருக்கருகே மீன் பிடித்தார். கதையில் யுத்தம் என்ற பேச்சே இல்லை. நிக் என்ற இளைஞன் எரிந்துபோன ஓர் ஊரில் ரயிலை விட்டு இறங்குகிறான், கூடாரம் அடிக்கிறான், மறுநாள் மீன் பிடிக்கிறான். இவ்வளவுதான் கதை. உத்திக்காக இந்தக் கதையைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள்; நானும் புகழ்ந்திருக்கிறேன். நான் கவனிக்காமல் விட்ட இடம் வேறு. ஒரு சிறிய டிரௌட்டை விடுவதற்கு முன் நிக் கையை நனைத்துக்கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு போய்ப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படிச் செத்துக் கிடந்த மீன்களை அவன் பார்த்திருக்கிறான். விட்ட மீன் அடியில் அசையாமல் நிற்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறான். வெறும் களைப்புத்தான் என்று தெரிந்த பிறகே மேலே போகிறான். பெரிய மீன் ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போனபோது, வாயில் முள்ளோடு ஆற்றடியில் இருக்கும் அதை நினைக்கிறான். கை நடுங்க உட்கார்ந்துவிடுகிறான். கை தட்ட அங்கே யாரும் இல்லை.

நிக்கின் தூண்டிலில் இன்னொரு விஷயம் உண்டு. பையனின் கோலில் கனம் இரையில் இருந்தது. இரை பறக்க, நரம்பு அதன் பின்னால் ஓடிற்று. நிக்குடையது செயற்கை ஈ வீசுவதற்கான தூண்டில். ஈக்கு எடை கிடையாது. ஆகவே நரம்பையே கனமாகச் செய்திருப்பார்கள். நரம்பு போய் ஈயைச் சேர்க்கும். கதாசிரியர்களும் இப்படி இரண்டு வகை என்று தோன்றுகிறது. பொருளின் கனத்தால் நடை இழுபடுவது ஒரு வகை. எடையற்ற பொருளை நடையே சுமந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொன்று. 1925ல் ஹெமிங்வே இரண்டாவது வகை.

1952ல் வந்த 'கடலும் கிழவனும்' முதல் வகை. பதினெட்டடி நீள மீன். ஆயிரத்தைந்நூறு ராத்தலுக்கு மேல். கிழவன் சாந்தியாகோவிடம் கோலே இல்லை. கையில் பிடித்த கயிறுதான். அவன் வயிற்றுப் பாட்டுக்காக மீன் பிடிக்கிறவன். அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர்? மீன் இரண்டு நாளுக்கு மேல் இழுபட, அந்த நீண்ட வேதனையை இருவருக்கும் பொதுவான மகிமையாக உயர்த்திக்கொண்டே போகிறார். நம்மையும் உருக வைக்கிறார். மனித கௌரவத்தின் காவியம் என்று இந்த நாவலைப் பற்றி எழுதினவன் நான். ஆற்றங்கரையில் கை தட்டினவனும் நான்தான். இரண்டும் ஒரே செய்கை என்று இப்போது தெரிகிறது. அந்த நாவல் பெரிய சாதனை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டில் உயர்ந்தது அதுதான் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வழக்கு பழையது. 1653ல் ஐஸக் வால்டன் 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்' எழுதினார். உள்நாட்டு யுத்தத்தில் அலைக்கழிந்த இங்கிலாந்துக்கு அது அமைதியைச் சொன்ன நூல். எனக்கும் பிடித்த நூல். அதில் உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும்போது அன்போடு கையாளச் சொல்லும் ஓர் இடம் வருகிறது. கவி பைரனுக்கு இது பொறுக்கவில்லை. தன் 'டான் ஜுவான்' காவியத்தில், வால்டனின் தொண்டையில் ஒரு முள்ளை மாட்டி ஒரு சிறிய டிரௌட் இழுக்க வேண்டும் என்று ஏசினார். சின்ன வயசில் பைரனின் கோபத்தைப் படித்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மென்மையாகச் செய்கிறோம் என்ற திருப்தி, செய்வது என்ன என்பதை மறைத்துவிடுகிறது.

மறுவாரம் அதே கடைக்குப் போனோம். இந்தத் தடவை கோலைப் பையனே தேர்ந்தெடுத்தான். ஆறரை அடி, நுனி மட்டும் வளையும், அடிப்பாகம் கெட்டி, ஆறு ராத்தல் நரம்பு. பழைய கோல் குளத்துக்கு என்று வைத்துக்கொண்டான். கூடவே, தண்ணீரின் உஷ்ணத்தைப் பார்க்க ஒரு சின்ன வெப்பமானியும் வாங்கச் சொன்னான். நான் ஊர் திரும்பும் வரையில் அவன் அந்த ஆற்றுக்கு மூன்று தடவை போனான். இரண்டு தடவை வெப்பமானியைப் பார்த்துவிட்டு, நரம்பை அவிழ்க்காமலே திரும்பிவிட்டான்.