நிலைவினையும் தொடர்நிகழ்காலமும்: வடாலாத் தமிழரின் ஆங்கிலத்தை முன்வைத்து

இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களுள் முதன்மையாகச் சுட்டப்பெறுவது, நிலைவினைகளைத் தொடர்நிகழ்காலத்தில் வழங்குவதாகும். ‘ஐ நோ’ என வரவேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் நோயிங்’ என்றும், ‘ஐ ஹேவ்’ என வரவேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்றும் அமைவன இதற்கு எடுத்துக்காட்டுகள். இவ்வழக்கிற்கு இலக்கியத்தில் நிலைத்த இடம் தேடித் தந்தவர், மும்பையில் 1924இல் பிறந்து, அந்நகரிலேயே ஆங்கிலம் கற்பித்து, 2004இல் மறைந்த நிசிம் எசக்கியல். ‘ஹிம்ஸ் இன் டார்க்னஸ்’ (1976) தொகுப்பிலுள்ள ‘குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.’ என்னும் கவிதையில் பேசுபவர், பாராட்டையும் மறதியையும் குடும்பப் பின்னணியையும்கூடத் தொடர்நிகழ்காலத்திலேயே சொல்கிறார். கவிதையின் நகைச்சுவை பெரிதும் இதனால் விளைவது. ஆயின் இதனை ‘இந்தியர் ஆங்கிலம்’ என ஒரே பெயரால் சுட்டி, ‘தாய்மொழிக் குறுக்கீடு’ என ஒரே காரணம் கூறுவது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

அக்கவிதையில் இடம்பெறும் ஊர்களுள் ஒன்று சூரத். குஜராத்தியில் ‘நான் அறிவேன்’ என்பது ‘ஹும் ஜாணும் சும்’ என வரும். ஈற்றிலுள்ள ‘சும்’ இருத்தற்பொருளைத் தரும் துணைவினை. இந்தியிலும் ‘மைம் ஜான்தா ஹூம்’ எனத் துணைவினை வெளிப்படையாக நிற்கிறது. இவ்விரு மொழியினரும் ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்பதைச் சேர்ப்பதற்குத் தாய்மொழி அமைப்பிலேயே இடமிருக்கிறது.

தமிழின் நிலை வேறு. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு வேண்டும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ ஆகியவற்றில் அனுபவிப்போர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்க, வினை துணைவினையின்றி முடிகிறது. அறிதற்பொருளில் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என எவரும் கூறார். ‘தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்பதோ அறிய முற்படுதலையோ அறிந்து முடித்தலையோ குறிக்கும். எனவே தமிழர் ‘நோயிங்’ என்று கூறின், அதனைத் தமிழின் குறுக்கீடு எனல் பொருந்தாது.

‘ஹேவிங்’ என்பதற்கோ தமிழிலேயே விளக்கம் உண்டு. ‘உட்கார்ந்திருக்கிறான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஈஸ் சிட்டிங்’ என்பதே நேர். இங்கு ‘இரு’ என்னும் துணைவினை முடிந்த செயலின் விளைவாகிய நிலையைக் குறிக்க, ஆங்கிலம் அந்நிலையைத் தொடர்வடிவத்தால் குறிக்கிறது. இவ்விணையைக் கற்ற மாணவர் ‘வைத்திருக்கிறான்’ என்பதற்கு ‘ஈஸ் ஹேவிங்’ என ஆக்குவது ஒப்புமையாக்கமே. ஆகவே ஒரே பிழையெனத் தோன்றும் இரண்டிற்கும் தோற்றுவாய் வேறு எனக் கருத இடமுண்டு.

வடாலா போன்ற பகுதியில் இவ்வேறுபாட்டைப் பிரித்தறிதல் எளிதன்று. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய மாட்டுங்காவை அடுத்துள்ள அப்பகுதித் தமிழர் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பயில்பவர்கள். அவர்தம் ‘நோயிங்’ பக்கத்து வீட்டு இந்தியின் வழி வந்ததாகலாம். இந்தி அறியாத திருநெல்வேலி மாணவரிடமும் அவ்வடிவம் காணப்படின், ‘-கிறேன்’ என முடிவதையெல்லாம் தொடர்வடிவத்தால் பெயர்க்கும் வகுப்பறைப் பயிற்சியே காரணமா என நோக்க வேண்டும். இருசாராரையும் ஒப்பிடாது தாய்மொழியின்மேல் பழிசுமத்துவது ஆய்வு ஆகாது. அப்பழி மாணவரின் அறிவுத்திறன்மேல் ஏற்றப்படுவது அதனினும் பெருங்கேடு.

விதியைக் கற்பிக்கும் முறையும் திருத்தத்திற்குரியது. ‘இவ்வினைகள் தொடர்வடிவம் ஏலா’ எனப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பது பயனற்றது. வெண்ட்லர் 1957இல் வினைகளைக் காலப்பண்பு நோக்கி நிலை, செயற்பாடு, நிறைவேற்றம், எய்துதல் என நான்காகப் பகுத்தார். காம்ரி 1976இல் தொடர்நிலையை நிலைமையல்லாத் தன்மையோடு இணைத்து விளக்கியதோடு, ஆங்கிலம் அதனைத் தற்காலிக நிலைக்கும் விரித்து வழங்குவதையும் எடுத்துக்காட்டினார். வேறுபாடு சொல்லின்கண் மட்டும் இல்லை. சொல் குறிக்கும் சூழலின்கண் உள்ளது. உணவு உண்பதைக் குறிக்குங்கால் ‘ஹேவிங்’ வழுவன்று; எண்ணிக்கொண்டிருத்தலைக் குறிக்குங்கால் ‘திங்கிங்’ வழுவன்று.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது நேரிய இடர். ‘வடாலாவில் வசிக்கிறார்’ என்பது நிலையான உறைவாயின் ‘லிவ்ஸ்’. பதினொரு மாத ஒப்பந்தத்தில் தற்காலிகமாகத் தங்கியிருப்பாராயின் ‘ஈஸ் லிவிங்’. தமிழ் வினைமுற்று இரண்டிற்கும் ஒன்றே. ‘பத்தாண்டாக வசித்து வருகிறார்’ என்பதோ இவ்விரண்டும் அன்று. ‘ஹேஸ் பீன் லிவிங்’ என்பதே அதற்கு நேர். ‘வருகிறார்’ என்பதிலுள்ள நிகழ்கால இடைநிலையை மட்டும் நோக்கி ‘ஈஸ் லிவிங்’ எனப் பெயர்ப்பின், கடந்த பத்தாண்டும் மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

எசக்கியலின் கவிதையைத் தமிழாக்குவோர்க்கும் இதுவே சிக்கல். ‘கொண்டிருக்கிறேன்’ என அடிதோறும் பெய்தால், எத்தமிழரும் பேசாத ஒரு தமிழ் உருவாகும். பேசுபவரின் தாய்மொழி எது, அது எவ்வடிவத்தைத் தூண்டியது என அறிந்தபின்னரே நகையைப் பெயர்ப்பதா, இலக்கணத்தைப் பெயர்ப்பதா என்பதனை முடிவு செய்தல் தகும்.