ஐந்து பெட்டிகளும் ஒரு கோளாறும்

2022 ஜூலை 8, அதிகாலை 4.43 மணி. கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் ஐ.பி. நெட்வொர்க்கை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. அன்று ஆறாம் கட்டம். விநியோக ரவுட்டர்களின் கான்ஃபிகரேஷனிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்துவைத்திருந்த ரவுட்டிங் தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் மொத்தமாகக் கொட்ட, இரண்டே நிமிடத்தில் அவை திணறி விழத் தொடங்கின. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கைப்பேசியும் இணையமும் நின்றுபோயின. நாடெங்கும் கடைகளில் பணம் செலுத்தும் இன்டராக் அட்டை வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணைக்கூடப் பலரால் அழைக்க முடியவில்லை. சேவை திரும்ப ஏறத்தாழ 26 மணி நேரம் ஆயிற்று.

இதை மனிதத் தவறு என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறு எங்கேயும் நடக்கும். காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரிய 14 மணி நேரம் ஏன் பிடித்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடப் போனால், தொலைத்தொடர்புத் துறை 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பின்பற்றிவரும் நிர்வாகச் சட்டகங்களின் பலமும் பலவீனமும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1980களில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் எக்ஸ்சேஞ்சுக்கும் தனித்தனி டெர்மினல், தனித்தனிக் கட்டளை மொழி. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றின் முன்னால் புதியவராக உட்கார வேண்டியிருந்தது. இந்தச் சூழலில்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரப்படுத்தல் பிரிவு டி.எம்.என். என்ற சட்டகத்தை வகுத்தது. 1992-இல் அது எம்.3010 என்ற பரிந்துரையாக வடிவம் பெற்றது. கீழே கருவிகள், அதற்கு மேல் கருவி நிர்வாகம், நெட்வொர்க் நிர்வாகம், சேவை நிர்வாகம், உச்சியில் வணிக நிர்வாகம் என்று அடுக்குகள். குறுக்கே ஐ.எஸ்.ஓ.விடமிருந்து வந்த ஐந்து பிரிவுகள்: கோளாறு, கான்ஃபிகரேஷன், கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்-கேப்ஸ் என்று துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்த ஐந்து சொற்கள் செய்த நன்மை கொஞ்சமல்ல. கருவி விற்பவர், வாங்குபவர், மென்பொருள் எழுதுபவர் மூவரும் ஒரே பெயரில் ஒரே வேலையைக் குறிக்க முடிந்தது. சென்னையிலோ பெங்களூரிலோ இரவுப் பணியில் உட்கார்ந்து அயல்நாட்டு நெட்வொர்க் ஒன்றைக் கண்காணிக்கும் தமிழ்ப் பொறியாளருக்கும், அந்த நாட்டில் கம்பத்தில் ஏறுபவருக்கும் இடையே பேச்சு நடக்கிறது என்றால், அதற்கு இந்தப் பொதுப் பெயர்கள் பெரிய காரணம். சட்டகமே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் அதற்கு முந்தைய காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

குறை எங்கே தொடங்குகிறது? ஓர் அலாரத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். எக்ஸ்.733 என்ற தரநிலை அலாரத்தின் தீவிரத்தை வகைப்படுத்துகிறது: மிகக் கடுமை, பெரிது, சிறிது, எச்சரிக்கை, தீர்மானிக்க முடியாதது, நீங்கியது. ஊருக்கு வெளியே ஒரு ஜே.சி.பி. கண்ணாடியிழைக் கேபிளை அறுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த இடத்துக்கு அடுத்துள்ள கருவி, 'சிக்னல் இல்லை' என்கிறது. அதற்கு அப்பால் இருப்பவை, மேலிருந்து கோளாறு வருகிறது என்று அறிவிக்கின்றன. எதிர்முனை, மறுபக்கம் பழுது என்கிறது. அந்தக் கேபிளை நம்பியிருந்த கோபுரங்கள் ஒவ்வொன்றும் தொடர்பு போய்விட்டதாகக் கத்துகின்றன. ஒரே ஒரு வெட்டுக்கு நூற்றுக்கணக்கான அலாரங்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை சிவப்பு. ஒவ்வொரு கருவியும் தரநிலைப்படி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் தன் நிலைமையை மட்டுமே சொல்கிறது. எந்த மருத்துவமனையின் இணைப்பு போயிற்று என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, எந்தச் சேவை எந்தக் கேபிளில் ஓடுகிறது என்ற பதிவேடு வேண்டும். அது கான்ஃபிகரேஷன் பெட்டியில், வேறொரு குழுவின் கையில், பல இடங்களில் பழைய தகவலோடு இருக்கும்.

ஐந்து பிரிவுகளையும் சிந்திக்க உதவும் தலைப்புகளாகத்தான் வகுத்தார்கள். நிறுவனங்கள் அவற்றைத் துறைகளாக்கிவிட்டன. கோளாறுக்கு ஒரு குழு, ஒரு மென்பொருள், ஒரு மேலாளர், கான்ஃபிகரேஷனுக்கு இன்னொன்று. கோளாறோ பெட்டி பார்த்துப் பிறப்பதில்லை. ரோஜர்ஸில் நடந்தது கான்ஃபிகரேஷனில் பிறந்து, செயல்திறனில் வளர்ந்து, கோளாறாக வெடித்தது. இடர் மதிப்பீடும் அங்கே இருந்தது. பணி முழுவதற்கும் முதலில் 'அதிக இடர்' என்று குறித்திருந்தார்கள். முந்தைய கட்டங்கள் சுமுகமாக முடிந்ததால், மதிப்பிடும் மென்பொருள் ஆறாம் கட்டத்தை 'குறைந்த இடர்' என்று இறக்கிவிட்டது. படிவத்தின் கட்டங்களெல்லாம் முறையாக நிரம்பியிருந்தன; ஆபத்து அப்படியே இருந்தது.

டி.எம்.என். உருவான காலத்திலேயே இணையப் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். 1988-இல் வெளியான எஸ்.என்.எம்.பி. என்ற நிர்வாக நெறிமுறையில் மொத்தம் ஐந்தே வகைச் செய்திகள். டி.எம்.என். தேர்ந்துகொண்ட சி.எம்.ஐ.பி. நெறிமுறை அதைவிட நிறைவானது, அதனாலேயே கனமானது. எஸ்.என்.எம்.பி.யைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் கருதினார்கள். எளிமையால் அது எல்லாக் கருவிகளிலும் புகுந்து நிலைத்துவிட்டது. கடவுச்சொல் போன்ற ஒன்றை மறைக்காமல் அப்படியே அனுப்பும் அதன் குறைக்கு முறையான மருந்து மூன்றாம் பதிப்பில், 2002 இறுதியில்தான் முழுமையாக வந்தது.

2002 ஜூனில் இணையக் கட்டமைப்பு வாரியம் ஒரு பயிலரங்கு நடத்தியது. நெட்வொர்க்கை அன்றாடம் நடத்துபவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எஸ்.என்.எம்.பி.யைக் கண்காணிக்க மட்டுமே பயன்படுத்துகிறோம், மாற்றங்களைக் கட்டளை வரியில் கையால் தட்டித்தான் செய்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். 14 ஆண்டு பழகிய தரநிலையின் பாதி வேலையைக் களத்தில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் ஒதுக்கியிருந்தார்கள்! அந்தக் குறைகளைக் கேட்டு உருவானதுதான் 2006-இல் வந்த நெட்கான்ஃப் நெறிமுறை. அதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வசதி உண்டு. ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்தலாம். குறித்த நேரத்துக்குள் (வேறு சொல்லாவிட்டால் 600 நொடிகள்) மறுபடி வந்து உறுதிசெய்யாவிட்டால் கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தவறான மாற்றத்தால் உங்கள் தொடர்பே அறுந்துபோனாலும், உறுதி வராததைக் கண்டு கருவி தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும். வேலை செய்பவரின் பயத்தை அறிந்து எழுதப்பட்ட விதி இது.

ஆனால் அந்த வசதியும் கட்டாயமல்ல, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். இங்கேதான் என் முக்கியக் குற்றச்சாட்டு இருக்கிறது. வடிவத்தைக் கட்டாயமாக்கும் தரநிலைகள், உயிர்காக்கும் பகுதியை விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றன. எம்.3010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாக நெட்வொர்க் கருத்தளவில் தனி நெட்வொர்க் என்கிறது அது. கூடவே, தன் தகவல் போக்குவரத்துக்குத் தொலைத்தொடர்பு நெட்வொர்க்கின் பகுதிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அனுமதிக்கிறது. செலவு மிச்சம் என்பதால் அந்த அனுமதி பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ரோஜர்ஸின் நிர்வாக நெட்வொர்க்கும் அதே ஐ.பி. மையத்தை நம்பியிருந்தது. மையம் விழுந்ததும், சரிசெய்ய வேண்டியவர்களால் ரவுட்டர்களுக்குள் நுழைய முடியவில்லை. பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. கைப்பேசியில் ஒருவரை ஒருவர் அழைக்கக்கூட முடியவில்லை. பூட்டிய வீட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை. அந்த 14 மணி நேரத்துக்கு விடை இதுதான்.

தனி நிர்வாகப் பாதை செலவு பிடிக்கும் என்பது உண்மை. மலைக்கிராமத்துக் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பாதை போடச் சொல்ல மாட்டேன். மைய ரவுட்டர்கள் விஷயம் வேறு. அவை எண்ணிக்கையில் குறைவு. விழுந்தால் நாடே நிற்கிறது. அவற்றுக்குப் போட்டி நிறுவனத்திடம் இணைப்பு வாங்கியாவது தனிப்பாதை வைக்கலாம். கனடாவில் விபத்துக்குப் பிறகுதான் அந்த வேலை நடந்தது. அவசர காலத்தில் ஒருவர் நெட்வொர்க்கில் மற்றவர் வாடிக்கையாளர் பேச இடம் தரும் உடன்பாட்டிலும் நிறுவனங்கள் 2022 செப்டம்பரில் கையெழுத்திட்டன.

சட்டகத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. எஃப்-கேப்ஸ் நல்ல சொற்பட்டியல், மோசமான அலுவலக வரைபடம். டெண்டர் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'தரநிலைக்கு உட்பட்டது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். தானே திரும்பும் கான்ஃபிகரேஷனையும், மையத்தைத் தொடாத நிர்வாகப் பாதையையும் கட்டாயப் பட்டியலில் எழுதுங்கள். பாதை இருக்கிறது என்று காகிதத்தில் காட்டினால் ஏற்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது முதன்மைப் பாதையைத் துண்டித்துவிட்டு, மைய ரவுட்டருக்குள் நுழைந்து காட்டச் சொல்லுங்கள்.