இறங்கி வருதலும் குறைந்து போதலும்: ‘சக்தி’ இசைக்குழுவின் மூன்றாம் தொகுப்பும் திருவரங்கத்து எளிமைக் கோட்பாடும்

சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஓர் இசைக்குழு எளிதிற் கேட்கத்தக்க இசையை நோக்கி நகரும்போது, திறனாய்வாளர் ‘முதிர்ச்சி’ என்பர். அல்லது ‘சமரசம்’ என்பர். இரண்டும் தீர்ப்புகளேயன்றி விளக்கங்கள் அல்ல. திருவரங்கத்து வைணவ உரைமரபில் இவற்றினும் நுட்பமான கலைச்சொல் ஒன்று உண்டு: சௌலப்பியம், அதாவது எளிமை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் முதல் பதிகம் இறைவனின் பரத்துவத்தையும் மூன்றாம் பதிகம் அவனது எளிமையையும் பேசுவதாக உரையாசிரியர் வகுப்பர். இயல்பிலேயே சிறியதாய் இருப்பது எளிமை ஆகாது. மேலானது தன் மேன்மை குன்றாமல் எட்டும்படி இறங்கி வருவதே எளிமை. கருவறையில் பள்ளிகொண்ட பெரியபெருமாளுக்கும் வீதிக்கு எழுந்தருளும் நம்பெருமாளுக்கும் அரங்கத்தார் ஏற்றத்தாழ்வு கற்பிப்பதில்லை. இந்த அளவுகோலைக் கொண்டு ‘சக்தி’ குழுவின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பை மதிப்பிட முயல்கிறது இக்கட்டுரை.

சிக்கலான தாளக்கட்டுகளாலும் பேரோசையாலும் பெயர்பெற்ற மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்னும் ராக் குழுவை நடத்தியவர் கிதார் கலைஞர் ஜான் மக்லாலின். அவர் சிலப்பதிகார இசை ஆய்வால் தமிழுலகம் அறிந்த எஸ். ராமநாதனிடம் அமெரிக்காவில் வீணை பயின்றவர் என்பது நம் ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத செய்தி. வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன் ஆகியோருடன் அவர் உருவாக்கிய ‘சக்தி’யின் முதல் தொகுப்பு 1976இல் வெளிவந்தது. 1975 சூலையில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு அது. அதில் மூன்றே உருப்படிகள். இறுதி உருப்படி மட்டும் ஏறத்தாழ 29 நிமிடம். மக்லாலின் தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்குவித்திருந்தார். தந்தியை ஆழ அழுத்திக் கமகம் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கச்சேரிக்கு வந்தமரும் பொறுமையைக் கேட்பவரிடம் முன்கூட்டியே எதிர்பார்த்த இசை எனலாம்.

மூன்றாம் தொகுப்பான ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ இந்த எதிர்பார்ப்பைக் கைவிடுகிறது. எட்டு உருப்படிகள், மிக நீண்டதும் ஏறத்தாழ ஏழு நிமிடமே. ராகவனின் மிருதங்கம் முதல் தொகுப்போடு நின்றுவிட்டது. படிப்படியாக விரியும் ராக வளர்ச்சிக்கும், தனி ஆவர்த்தனத்தை நினைவூட்டும் நீண்ட தாளப் பகுதிகளுக்கும் இங்கு இடமில்லை. இழப்பு இழப்புத்தான், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. எனினும் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ உருப்படியில் வயலினும் கிதாரும் ஒன்றுக்கொன்று விடையிறுக்கும் முறை முதல் தொகுப்பின் உரையாடலே. காலம் மட்டும் சுருங்கியிருக்கிறது. வேகப் பாய்ச்சலைத் தவிர்த்துத் தொகுப்பை முடிக்கும் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ வேறு வகையில் துணிச்சலானது: விரல் வன்மையால் பெயர்பெற்றவர்கள் அவ்வன்மையைக் காட்ட மறுக்கிறார்கள். இவை இறங்கி வந்தவை. ஆட வருமாறு அழைக்கும் தலைப்பைக் கொண்ட ஏறத்தாழ இரண்டு நிமிட உருப்படியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. அது இனிமையானது, அவ்வளவே.

லய அறிஞர் ஒருவர் இங்கே மறுப்புக் கூறலாம்: இசை ஏன் இறங்க வேண்டும், கேட்பவர் ஏறி வரட்டுமே? திருச்சிராப்பள்ளியைத் தம் பெயரிலேயே தாங்கிய மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரன் தேர்ந்த வழி இதற்கு அணித்தானது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவரான அவர் 1971 முதல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் லயத்தைப் பாடமாகவே கற்பித்தார். அவ்வழி உறுதியானது, ஆனால் வகுப்பறைக்கு வருபவருக்கே உரியது. இசைத்தட்டு வாங்குபவர் வீதியில் நிற்பவர்.

பெங்களூருவின் ‘அகம்’ குழு மற்றொரு வழியைக் காட்டுகிறது. திருவரங்கத்தைப் பாடும் தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’ கீர்த்தனையை அக்குழு ராக் கருவிகளோடு இசைத்துள்ளது. பிருந்தாவன சாரங்கா ராகத்தில் அமைந்த இக்கீர்த்தனை எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் பல இல்லங்களுக்குப் பழக்கமானது. எனவே புதிய ஓசையைத் தாங்கும் வலிமை கேட்பவரின் நினைவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ‘சக்தி’க்கு அத்தகைய துணை இல்லை, அதன் மேற்கத்தியக் கேட்பவரிடம் இக்கமகங்களைப் பற்றிய நினைவு எதுவுமில்லை. ஆகவே அக்குழு சுருக்கத்தை நாடியதை வணிக நோக்கம் என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது.

வீதி வலம் முடிந்தபின் நம்பெருமாள் மீண்டும் உள்ளே எழுந்தருள்வார். ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ கேட்டுவிட்டு 1976ஆம் ஆண்டின் அந்த 29 நிமிட உருப்படிக்குச் செல்பவர், முன்பு அயலாகத் தோன்றிய சொற்கட்டுகளை அங்கே அடையாளம் காண்பார். அந்த இரண்டு நிமிட ஆட்ட உருப்படியிலிருந்து அங்கே செல்வதற்கு அத்தகைய வழி எதுவும் புலப்படவில்லை.